மெடிக்கல் ஸ்கூல் நியூரோசயின்ஸ் வேலை: எடுப்பது ஆளையா, கிராண்ட்டையா?

வைகைக்கரையான்:
அமெரிக்க மெடிக்கல் ஸ்கூல்களின் நியூரோசயின்ஸ் துறைகள் உதவிப் பேராசிரியர் வேலைக்குப் போடும் விளம்பரங்களைப் படித்திருப்பீர்கள். "வெளி நிதி வைத்திருப்பவர்களுக்கு முன்னுரிமை" என்ற வரி பெரும்பாலும் எட்டிப் பார்க்கும். எனக்கு அந்த வரியோடுதான் தகராறு. முதல் மூன்று வருடம் போலச் சம்பளம் தருவார்கள். அப்புறம் பாதியோ அதற்கு மேலோ உன் கிராண்ட்டிலிருந்து (ஆய்வுக்கு நீ வெளியிலிருந்து வாங்கும் நிதி) நீயே எடுத்துக்கொள் என்பார்கள். இதுதான் சாஃப்ட் மணி வேலை. அதே பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் சேர்ந்தால் ஒன்பது மாதச் சம்பளம் பல்கலைக்கழகத்தின் தலைவலி. சாலையைத் தாண்டி மெடிக்கல் ஸ்கூல் பக்கம் வந்தால் அது உங்கள் தலைவலி. ஆளை எடுப்பதாகச் சொல்லிக்கொண்டு கிராண்ட்டை எடுக்கிறார்கள். போஸ்ட்டாக் (பி.எச்டிக்குப் பிறகான தற்காலிக ஆய்வுப் பணி) முடிக்கிற நம் பிள்ளைகள் இதில் போய் மாட்டக்கூடாது என்பது என் கட்சி.

பாஸ்டன் பரோட்டா:
வைகையாரே, ஆள் எடுக்கும் கமிட்டியில் உட்கார்ந்திருக்கிறவன் என்ற முறையில் மறுக்கிறேன். நீங்கள் சொல்லாமல் விட்டது ஸ்டார்ட்அப் தொகை, அதாவது புதிதாகச் சேருகிறவர் லேப் அமைக்க ஸ்கூல் தரும் பணம். உயிருள்ள எலியின் மூளையைப் படம் பிடிக்கும் லேப் என்றால் பத்து லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். டூ-ஃபோட்டான் மைக்ரோஸ்கோப் ஒன்றே பல லட்சம். எலிக் கூண்டுக்குத் தினக் கட்டணம் தனி. கிராண்ட் வராவிட்டால் அந்தப் பணம் ஸ்கூலுக்குத்தான் நஷ்டம். பாடம் எடுக்கும் சுமையும் குறைவு. முதல் வருட மருத்துவ மாணவர்களுக்கு நியூரோஅனாடமியில் சில வகுப்புகள், அவ்வளவுதான். உளவியல் துறை நண்பரைக் கேட்டுப் பாருங்கள்: முழுப் பாடம், விடைத்தாள், மதிப்பெண் ஏன் குறைந்தது என்று இரவு பதினொரு மணிக்கு மின்னஞ்சல். போதாததற்கு இங்கே பக்கத்துக் கட்டடத்தில் மருத்துவமனை. வலிப்பு நோயாளிகளுக்கு அறுவைக்கு முன் மூளைக்குள் எலக்ட்ரோடு வைத்துப் பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவுகளில் ஆய்வு செய்ய வேண்டுமானால் நியூரோசர்ஜன் நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும்.

வைகைக்கரையான்:
சரி, கணக்கே போடுவோம். அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனமான என்.ஐ.எச். தனி ஆய்வாளர்களுக்குத் தரும் முக்கிய கிராண்ட்டான ஆர்01இல், செலவை விவரமாகப் பிரிக்காமல் கேட்கும் மாடுலர் முறைக்கு உச்சவரம்பு வருடத்துக்கு 2,50,000 டாலர். 1999இல் வைத்த தொகை, இன்னும் அசையவில்லை. இதற்குள் விலைவாசி ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. அதில் உங்கள் சம்பளத்தின் மூன்றில் ஒரு பங்கு போகட்டும். ஒரு போஸ்ட்டாக் வைத்தால், 2024இல் என்.ஐ.எச். நிர்ணயித்த தொடக்கத் தொகையே 61,008 டாலர். இன்சூரன்ஸ் அது இது என்று இன்னும் ஏறும். பிறகு ஒரு பி.எச்டி மாணவர். மிச்சத்தில் எலி, வைரஸ், ஆன்டிபாடி, மைக்ரோஸ்கோப் நேரம் எல்லாம் முடிய வேண்டும். ஆக, பாதிச் சம்பளத்தை வெளியிலிருந்து கொண்டுவர ஓர் ஆர்01 போதாது, இரண்டு வேண்டும். முதல் ஆர்01 வாங்குகிறவர்களின் சராசரி வயதே நாற்பதைத் தாண்டிவிட்ட நாட்டில் இரண்டாவது எப்போது?

பாஸ்டன் பரோட்டா:
மாடுலர் வரம்புக்குள்தான் கேட்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. விரிவான பட்ஜெட் போட்டால் ஐந்து லட்சத்துக்குக் கீழ் முன் அனுமதி இல்லாமலே கேட்கலாம். பட்டம் வாங்கிப் பத்து வருடத்துக்குள் இருப்பவர்களுக்கு என்.ஐ.எச். சலுகையும் உண்டு. கிராண்ட் இருப்பவரை நாங்கள் விரும்புவது பேராசையால் அல்ல. சரிசமமான இருவர் எதிரே நிற்கிறார்கள். ஒருவரின் திட்டத்தை வெளியாட்கள் படித்து, கிழித்து, திருத்தி, கடைசியில் பணமும் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்க்காதே என்றால் பிறகு எதைத்தான் பார்ப்பது? கைடு யார், எந்தப் பத்திரிகையில் வெளிவந்தது என்பதையா? அது இதைவிட மோசமான அளவுகோல்.

வைகைக்கரையான்:
டஃப்ட்ஸ் பல்கலைக்கழக வழக்கு ஒன்றே போதும், உங்கள் ஊரிலேயே நடந்தது. அங்கே மெடிக்கல் ஸ்கூலில் அடிப்படை அறிவியல் துறைகளைச் சேர்ந்த எட்டுப் பேர், எல்லோரும் டென்யூர் (நிரந்தரப் பணி உரிமை) வாங்கியவர்கள். பல வருடம் கழித்து நிர்வாகம் புது விதி கொண்டுவந்தது: சம்பளத்தில் இத்தனை சதவீதம் கிராண்ட்டிலிருந்து வர வேண்டும். எட்டாதவர்களுக்குச் சம்பள வெட்டு, லேப் இடம் குறைப்பு. சிலரை முழுநேரத்திலிருந்தே இறக்கினார்கள். டென்யூர் வாங்கியவருக்கே இந்தக் கதி. நேற்றுச் சேர்ந்தவருக்கு?

பாஸ்டன் பரோட்டா:
தீர்ப்பையும் முழுதாகச் சொல்லுங்கள். 2024 மார்ச்சில் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் லேப் இடத்துக்கு டென்யூர் உத்தரவாதம் இல்லை என்றுதான் சொன்னது.

வைகைக்கரையான்:
மீதியை நான் சொல்கிறேன். டென்யூர் ஆவணத்தில் இருக்கும் "பொருளாதாரப் பாதுகாப்பு" என்பது வெறும் அலங்காரம் இல்லை, ஒப்பந்தத்தின் பகுதி என்றார்கள். சம்பள வெட்டு அதை மீறியதா என்று விசாரிக்கும்படி கீழ் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். நிர்வாகம் ஜெயித்துவிட்டது போலப் பேசாதீர்கள்.

கீழவீதி டாக்டர்:
நடுவில் நுழைகிறேன். நான் நியூராலஜிஸ்ட். நீங்கள் இருவரும் பி.எச்டிக்காரர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் கதை வேறு. ஆய்வும் செய்யும் டாக்டர்களுக்கான கே08, கே23 கிராண்ட் வாங்கினால் 75 சதவீத நேரம் ஆய்வுக்கு என்று துறைத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். போடுவார். ஸ்ட்ரோக் டூட்டிக்கு ஆள் இல்லாத வாரத்தில் அந்தக் கையெழுத்து எங்கே போகும் என்று தெரியாது. நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் செவ்வாய், வியாழன் லேப் நாள் என்று எழுதித் தந்தார்கள். வியாழன் கிளினிக் மட்டும் ரத்தானதே இல்லை. ஆனால் கிராண்ட் போனாலும் நோயாளி பார்த்துப் பிழைத்துக்கொள்வேன். அந்த வழி உங்களுக்கு இல்லை. அதனால் சம்பள விஷயத்தில் என் ஓட்டு வைகையாருக்கு.

மல்லிப்பூ:
அண்ணன்மார் சண்டை போடுங்கள், நான் நிஜமாகவே இந்தச் சந்தையில் நிற்கிற போஸ்ட்டாக். கிரீன் கார்டு இல்லாதவளுக்கு என்.ஐ.எச். பயிற்சி கிராண்ட்களில் போஸ்ட்டாக்கிலிருந்து பேராசிரியர் வேலைக்குப் போக உதவும் கே99தான் ஒரே பெரிய கதவு. அதுவும் போஸ்ட்டாக் தொடங்கி நாலு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கிடைத்தால் வேலைக்குச் சேரும்போது அதன் இரண்டாம் கட்டம் ஆர்00 என்று வருடம் 2,49,000 டாலர் மூன்று வருடத்துக்குக் கூடவே வரும், ஓவர்ஹெட்டும் (கட்டடம், நிர்வாகச் செலவுக்கு நிறுவனம் எடுக்கும் பங்கு) அதற்குள் அடக்கம். போன இன்டர்வியூவில் சாக் டாக், அதாவது வரப்போகும் ஆய்வுத் திட்டத்தைப் பலகையில் வரைந்து விளக்கும் பேச்சு. வெள்ளைப் பலகை, மார்க்கர், ஸ்லைடு கிடையாது. திட்டத்தின் இரண்டாவது நோக்கத்தை வரைந்து முடிக்கும் முன்பே முன்வரிசையிலிருந்து கேள்வி: "இது எந்த இன்ஸ்டிட்யூட்டுக்குப் போகும், எந்த ஸ்டடி செக்‌ஷன்?" என்.ஐ.எச்.சில் எந்தப் பிரிவு பணம் தரும், எந்த மதிப்பீட்டுக் குழு படிக்கும் என்பதுதான் அவர்கள் கவலை. நான் ஆராயும் நரம்புச் சுற்று மூளையில் என்ன செய்கிறது என்று கடைசிவரை ஒருவரும் கேட்கவில்லை.

இதற்கு மேல் காலமும் சரியில்லை. மூளை ஆய்வுக்கென்றே இருக்கும் பிரெய்ன் இனிஷியேட்டிவ் என்ற அரசுத் திட்டத்தின் நிதி 2023இல் 68 கோடி டாலராக இருந்து அடுத்த வருடமே 40.2 கோடிக்கு விழுந்தது. 2025 பிப்ரவரியில் ஓவர்ஹெட்டை 15 சதவீதத்தோடு நிறுத்துகிறோம் என்று என்.ஐ.எச். அறிவித்தது. நீதிமன்றம் தடுத்தாலும் பயம் போகவில்லை. ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும் புது ஆள் எடுப்பதை நிறுத்தின. யூமாஸ் சான் மெடிக்கல் ஸ்கூல் பி.எச்டி மாணவர்களுக்குக் கொடுத்த சேர்க்கைக் கடிதங்களையே திரும்பப் பெற்றது. வெளிநாட்டிலிருந்து ஆள் கொண்டுவரப் புது எச்1பி போட்டால் ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அதே வருடம் செப்டம்பரில் இன்னோர் ஆணை. இந்த லட்சணத்தில் எனக்கு ஓர் ஆஃபர் பேச்சு நடக்கிறது. என்ன கேட்பது?

பாஸ்டன் பரோட்டா:
தங்கச்சி, ஸ்டார்ட்அப் தொகையை மட்டும் பார்க்காதே. அதைச் செலவழிக்கக் காலக்கெடு உண்டா என்று கேள். மீதி இருந்தால் மூன்றாம் வருட முடிவில் பிடுங்கிக்கொள்ளும் இடங்கள் உண்டு. உன் சம்பளம் ஸ்டார்ட்அப்பிலிருந்தே கழிகிறதா, தனியா என்பதும் முக்கியம். கழிகிறது என்றால் பத்து லட்சம் என்பது உண்மையில் ஏழு லட்சம்தான். அந்தத் துறையில் கடந்த சில வருடங்களில் கிராண்ட் இழந்தவர்கள் யார் யார், அவர்களுக்கு இடைக்கால நிதி கிடைத்ததா என்று அவர்களிடமே போன் போட்டுக் கேள், தலைவரிடம் கேட்காதே.

வைகைக்கரையான்:
பார்த்தீர்களா, இவ்வளவு எச்சரிக்கை தேவைப்படுகிற வேலையைத்தான் நல்ல ஏற்பாடு என்று வாதாடிக்கொண்டிருந்தார்!

பாஸ்டன் பரோட்டா:
வீடு வாங்கும்போதும் வில்லங்கம் பார்க்கத்தானே செய்கிறோம், அதற்காக வாடகை வீடே மேல் என்று முடிவு கட்டிவிடுவீர்களா?

வைகைக்கரையான்:
வில்லங்கம் இருக்கிறது என்று தெரிந்தபிறகும் வாங்கு என்கிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன். மல்லிப்பூ, நாலாவது வருடத்திலிருந்து எத்தனை சதவீதம் அவர்கள் பொறுப்பு, கிராண்ட் இல்லாவிட்டால் எதற்குக் கீழே குறைக்கமாட்டார்கள் என்று ஓர் எண்ணை ஆஃபர் கடிதத்தில் போடச் சொல். "துறையின் வழக்கப்படி" என்று எழுதினால் டஃப்ட்ஸை நினைத்துக்கொள்.

மல்லிப்பூ:
மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். "டீனிடம் கேட்டுச் சொல்கிறோம்" என்று பதில் வந்திருக்கிறது. எண் வந்தால் இங்கேயே போடுகிறேன்.