புதுப்பிப்பு: வைகாட்டோ மேய்ச்சல் நிலத்தில் வெள்ளை குளோவர்

நியூசிலாந்தின் வைகாட்டோவில் நான் வேலை பார்க்கும் பால் பண்ணையில், ரைகிராஸ் புல்லோடு வெள்ளை குளோவர் என்ற பயறு வகைத் தீவனச் செடியை விதைத்ததைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். யூரியா குறையுமா, மாட்டுக்கு வயிறு உப்புசம் வராதா என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

யூரியா நன்றாகவே குறைந்துவிட்டது. 2021 முதல் இங்கே மேய்ச்சல் நிலத்துக்கு ஹெக்டேருக்கு வருடம் 190 கிலோ செயற்கைத் தழைச்சத்துதான் (யூரியா போன்ற உரத்தில் இருக்கும் நைட்ரஜன்) உச்சவரம்பு. நாங்கள் அதற்கு வெகு கீழே இருக்கிறோம். ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் முடிச்சு அப்படித்தான் இருக்கும். எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

உப்புசம் வந்தது, மறைக்கவில்லை. வசந்த காலத்தில் ஒரு மாட்டுக்கு இடது பக்கம், விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளம் பறை மாதிரி விறைத்துவிட்டது. எண்ணெய் புகட்டியதும் உள்ளே இருந்த நுரை உடைந்து ஏப்பம் வந்தது, பிழைத்துக்கொண்டது. அப்புறம் பசியோடு எந்த மாட்டையும் குளோவர் அடர்ந்த பக்கம் விடுவதில்லை. முதலில் காய்ந்த புல், பிறகுதான் மேய்ச்சல்.

சரி, விதைக்கப் போகிறவர்களுக்கு: ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் வேண்டாம். புல்லையும் உயர விடாதீர்கள். தரையோடு படரும் குளோவர் தண்டுக்கு வெயில் பட வேண்டும்.