ஃப்ளாப்பி டிரைவ் பழுது: ஹெட் பிழைத்தால் மீதி பிழைக்கும்

அலமாரியில் இருபது முப்பது வருஷம் கிடந்த டிரைவைக் கையில் எடுத்ததும் டிஸ்கைப் போட்டுப் பார்க்கத்தான் மனசு துடிக்கும். அதை மட்டும் செய்யாதீர்கள். பெல்ட் போனால் வேறு வாங்கலாம், பல்சக்கரத்தை 3டி பிரிண்டரில் அச்சடிக்கலாம், சிப்பை இன்னொரு போர்டிலிருந்து கழற்றலாம். டிஸ்கைத் தொட்டுப் படித்து எழுதும் ஹெட் போனால் போனதுதான். அதனால் வேலையின் வரிசையே ஹெட்டை மையமாக வைத்துத்தான் அமையவேண்டும்.

முதலில் மின்சாரம் இல்லாமலே பாருங்கள். மல்டிமீட்டரில் 12 வோல்ட் வரிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஷார்ட் இருக்கிறதா? 1980களின் 5.25 அங்குல டிரைவ்களில் 12 வோல்ட் வரியில் 16 வோல்ட் டாண்டலம் கெபாசிட்டர் போட்டிருப்பார்கள். அவை ஷார்ட்டாகிப் புகைவது சகஜம். அதே மைக்ரோஃபாரட் அளவில் 25 அல்லது 35 வோல்ட் போடுங்கள், துருவம் மாறக்கூடாது. பிறகு டிஸ்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஹெட் வண்டியை ஒரு விரலால் மெதுவாக நகர்த்துங்கள். தடங்கல் இருந்தால் அது காய்ந்த கிரீஸ். தள்ளித் தள்ளிச் சரிசெய்ய முயலவேண்டாம். தண்டுகளை ஆல்கஹாலில் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு தடவி, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். ஹெட்டைப் படிப்படியாக நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டாரிலிருந்து வண்டிக்குப் போகும் மெல்லிய எஃகுப் பட்டைமேல் எண்ணெய் படக்கூடாது.

ஹெட்டுக்கு 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால், நூல் உதிராத பஞ்சுக்குச்சி. அழுத்தித் தேய்க்காமல் துடையுங்கள். பஞ்சில் பழுப்பு வராமல் போகும்வரை குச்சியை மாற்றுங்கள். இரண்டு ஹெட் உள்ள டிரைவில் மேல் ஹெட்டைப் பஞ்சு நுழையும் அளவுக்குமேல் தூக்கவேண்டாம். ஹெட்டைத் தாங்கும் தகடு காகித மெல்லிசு. அது ஒருமுறை வளைந்துவிட்டால் ஹெட் டிஸ்கில் சமமாகப் படியாது, திரும்ப நிமிர்த்தவும் முடியாது.

* * *

மேலே சொன்னதோடு ஹெட் சோதனை ஒன்றையும் சேர்க்கவேண்டும். ஹெட் கம்பிகளை போர்டிலிருந்து கழற்றி ஓம் அளவு பாருங்கள். படிக்கும்-எழுதும் சுருளுக்கு நடு முனை ஒன்று இருக்கும். அதிலிருந்து இரண்டு ஓரங்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு வரவேண்டும், அதுவும் சில ஓமிலிருந்து சில பத்து ஓம் வரைதான். ஒரு பாதியில் மீட்டர் தொடர்பே காட்டாவிட்டால் சுருள் அறுந்தது என்று உடனே முடிவுகட்டாதீர்கள், முதலில் கனெக்டரையும் கம்பியின் மடிப்பையும் பாருங்கள். கொமடோர் 64 கணினிக்கான 1541 டிரைவ்களில் நெம்புகோல் கதவு உள்ள நியூட்ரானிக்ஸ் மெக்கானிசத்துக்கு உள்ளேயே சுருள் அறுந்துபோகும் பெயர் உண்டு. பழைய டிரைவ் வாங்கும்போதே இந்த ஒரு அளவைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு பக்கம் மட்டும் படிக்கும் டிரைவ்களில் (1541, ஆப்பிள் டிஸ்க் II) ஹெட்டுக்கு எதிரே ஒரு சின்ன ஃபெல்ட் பொத்தான் இருக்கும். இதை யாரும் கவனிப்பதில்லை. அது இறுகி மண் ஒட்டியிருந்தால் டிஸ்கின் மறுபக்கத்தைக் கீறும், அழுத்தமும் குறையும். அழுத்தம் குறைந்தால் வெளி டிராக்குகள் (டிஸ்கில் பதிவு விழும் வட்டங்கள்) படிக்கும், உள் டிராக்குகள் தகராறு செய்யும். வட்டம் சிறுசாகச் சிறுசாக பிட்கள் நெருக்கமாக விழுவதுதான் காரணம். பழைய பொத்தானின் விட்டத்தையும் தடிமனையும் அளந்துகொண்டு, நெருக்கமான கம்பளி ஃபெல்ட்டில் துளைப்பானால் வெட்டி, மெல்லிய இருபக்க ஒட்டு நாடாவில் ஒட்டினால் போதும். பசை வேண்டாம், ஃபெல்ட்டில் ஏறிக் கல்லாகிவிடும்.

* * *

ஆம்ஸ்ட்ராட் 6128, ஸ்பெக்ட்ரம் +3 கணினிகளில் வரும் 3 அங்குல டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு. மோட்டார் சத்தம் கேட்கும், விளக்கு எரியும், திரையில் 'ரீட் ஃபெயில்' வரும். பத்தில் எட்டு பெல்ட்தான் என்று நினைத்துத் திறக்கலாம். ரப்பர் தளர்ந்திருக்கும், இல்லாவிட்டால் உருகித் தார்போல கப்பியில் ஒட்டியிருக்கும். அந்தத் தாரை முழுக்க எடுக்காமல் புது பெல்ட் போட்டால் வழுக்கிக்கொண்டே இருக்கும். கப்பியின் வளைவில் நகம் வைத்துப் பார்த்தால் பிசுக்கு தெரியும். ஆல்கஹால், பஞ்சு, பொறுமை, வேறு வழி இல்லை. கருப்புப் பிசின் பட்ட குச்சி ஹெட் பக்கம் போகவே கூடாது.

அளவு: பழையதை அளந்து பிரயோஜனமில்லை, அது நீண்டிருக்கும். பெல்ட் ஓடும் பாதையில் ஒரு நூலைச் சுற்றி நீளம் எடுத்து, அதில் 5 சதவீதம் கழித்தால் ரப்பர் பெல்ட்டின் உள் சுற்றளவு வரும். இந்த டிரைவ்களுக்குப் பொதுவாக 71, 72 மில்லிமீட்டர் விட்டம் என்று விற்பார்கள். தட்டை பெல்ட்தான் வேண்டும், சதுர வெட்டு கப்பியில் உட்காராது. ரொம்ப இறுக்கமாகப் போட்டால் மோட்டாரின் புஷ் (தண்டு சுழலும் உருளை) தேயும், வேகமும் தடுமாறும்.

ஒரு எச்சரிக்கை. இதன் மின்சார இணைப்பில் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் சாதாரண 3.5 அங்குல டிரைவின் வரிசைக்குத் தலைகீழ். பதிலுக்கு 3.5 அங்குல டிரைவ் வைத்துப் பார்க்கிறவர்கள் மல்டிமீட்டரால் அளக்காமல் சொருகினால் புது டிரைவின் போர்டு அங்கேயே முடிந்தது.

* * *

பெல்ட் மாற்றினால் வேகத்தைச் சரிபார்த்தே ஆகவேண்டும். பெரும்பாலான டிரைவ்களுக்கு நிமிஷத்துக்கு 300 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 200 மில்லிசெகண்ட். க்ரீஸ்வீசல் மாதிரி, ஃப்ளாப்பியை இன்றைய கணினியில் படிக்க உதவும் ஒரு போர்டில் டிரைவை இணைத்தால் சுற்று நேரத்தை நேராகச் சொல்லிவிடும். அது இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. பல பெல்ட் டிரைவ்களில் ஸ்பிண்டில் கப்பியின் அடியில் கருப்பு-வெள்ளைக் கோடுகள் இரண்டு வட்டமாக இருக்கும், ஒன்று 50 ஹெர்ட்ஸுக்கு, மற்றது 60க்கு. இன்றைய எல்இடி விளக்கில் பெரும்பாலும் அது வேலைக்கு ஆகாது, மினுக்கல் இல்லை. நேராக மெயின்ஸில் எரியும் சிறு நியான் விளக்கைப் பக்கத்தில் காட்டுங்கள்.

நியான் ஒரு சைக்கிளுக்கு இரண்டு முறை மின்னும். 50 ஹெர்ட்ஸில் செகண்டுக்கு 100 மின்னல். டிரைவ் செகண்டுக்கு 5 சுற்று. ஆக ஒரு சுற்றுக்கு 20 மின்னல், 20 கோடு. வேகம் சரியாக இருந்தால் கோடுகள் நின்றுபோனதுபோல் தெரியும். செகண்டுக்கு ஒரு கோடு நகர்ந்தால் பிழை சரியாக 1 சதவீதம். கோடு சுழலும் திசையிலேயே நகர்ந்தால் வேகம் அதிகம், எதிர்த்திசையில் நகர்ந்தால் குறைவு. பத்து செகண்டுக்கு ஒரு கோடு நகரும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால் அதற்குமேல் நோண்டவேண்டாம்.

மோட்டார் போர்டில் இருக்கும், வேகத்தை மாற்றும் சின்ன பொட்டன்ஷியோமீட்டரைத் திருப்புவதற்குமுன் அதன் பழைய இடத்தைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். வேகம் அங்கும் இங்கும் அலைந்தால், ஒன்று அதன் உள்தடம் அழுக்கு, இல்லாவிட்டால் பெல்ட் வழுக்குகிறது. டிஸ்க் போட்டு, ஹெட் அழுந்திய நிலையில்தான் வேகம் வைக்கவேண்டும். வெறும் ஸ்பிண்டிலில் வைத்த வேகம் டிஸ்க் போட்டதும் இறங்கும்.

* * *

1541 பற்றிக் கொஞ்சம் விரிவாக. படிக்காத டிரைவைப் பார்த்துப் பலரும் அலைன்மென்ட் (ஹெட் டிராக்குக்கு நேராக நிற்பது) கெட்டது என்று அடித்துச் சொல்வதில் பாதி அலைன்மென்ட் இல்லை. பிரித்துப் பார்க்க ஒரு வழி: இந்த டிரைவில் ஃபார்மட் செய்த டிஸ்க் இதே டிரைவில் நன்றாகப் படித்து, வெளி டிஸ்க்குகள் மட்டும் படிக்காவிட்டால் அலைன்மென்ட். தானே எழுதியதையும் படிக்காவிட்டால் வேகம், ஹெட், அல்லது படிக்கும் சர்க்யூட். பிழை எண்ணையும் கவனியுங்கள். எல்லா டிராக்கிலும் 21 வந்தால் பதிவு தொடங்கும் இடத்தைக் காட்டும் சிங்க் அடையாளமே கிடைக்கவில்லை, ஹெட் கம்பியிலிருந்து தொடங்குங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக 23 வந்தால் டேட்டாவின் செக்சம் (சரிபார்ப்புக் கூட்டல்) பிழை, பெரும்பாலும் அழுக்கு அல்லது தேய்ந்த டிஸ்க்.

அலைன்மென்ட் கெடுவதற்குக் காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. பெரும்பாலான 1541களில் டிராக் பூஜ்ஜியத்தைக் காட்டும் சென்சார் கிடையாது. ஃபார்மட் செய்யும்போதும் பிழை வரும்போதும் ஹெட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டே போய்த் தடுப்பில் மோதவிடும், அந்தத் தடதட சத்தம் அதுதான். ஸ்டெப்பர் தண்டில் கப்பி வெறும் இறுக்கத்தில் நிற்கிறது. உள்ளே ரெகுலேட்டர் சூட்டில் உலோகம் தளரும்போது ஒவ்வொரு மோதலுக்கும் கப்பி மயிரிழை நகரும். 48 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 48 டிராக்) டிஸ்கில் டிராக்குக்கும் டிராக்குக்கும் இடைவெளி 0.53 மில்லிமீட்டர்தான். இதில் 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே தொல்லை தொடங்கிவிடும்.

சரிசெய்ய: டிரைவை இருபது நிமிஷம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள், குளிர்ந்த நிலையில் வைத்தது சூட்டில் மாறும். ஸ்டெப்பர் மோட்டாரின் உடலுக்கும் சட்டத்துக்கும் சேர்த்து மெல்லிய கோடு ஒன்று கிழியுங்கள். பழைய நிலைக்குத் திரும்ப அதுதான் துணை. அதைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவையும் மோட்டார் திரும்பும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். கடையில் அச்சிட்டு வந்த மூல டிஸ்க் இரண்டு மூன்று வைத்துக்கொண்டு டிராக் 1, 18, 35 படித்துப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பிப் படிப்பு நிற்கும் இடத்தையும், மறுபக்கம் நிற்கும் இடத்தையும் குறித்து, நடுவில் வைத்து இறுக்குங்கள். ‘படிக்கிறது’ என்ற முதல் இடத்திலேயே இறுக்கினால் அது ஓரம். அடுத்த வாரமே திரும்பத் திறக்கவேண்டியிருக்கும். இறுக்கும்போதும் மோட்டார் நகரும், இறுக்கியபின் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

கப்பி திரும்பவும் நகராமலிருக்கத் தண்டும் கப்பியும் சேரும் இடத்தில் குண்டூசி நுனியில் எடுத்த எபாக்ஸி போதும். துளை போட்டு ஊசி செருகுவது இன்னும் உறுதி. ஆனால் இரும்புத்தூள் மோட்டாருக்குள் இறங்கினால் காந்தம் பிடித்துக்கொள்ளும். சுற்றிலும் நாடா ஒட்டாமல் துளை போடாதீர்கள்.

* * *

3.5 அங்குல பக்கம் இரண்டு விஷயம். மோட்டார் போர்டிலும் கட்டுப்பாட்டு போர்டிலும் இருக்கும் சிறு அலுமினிய எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் ஒழுகும். சால்டரிங் அயர்ன் வைத்ததும் மீன் வாடை அடித்தால் ஒழுகியாயிற்று என்று அர்த்தம். அந்தத் திரவம் செம்புத் தடத்தைத் தின்றிருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் பேடும் (கால் ஒட்டியிருக்கும் செம்புத் திட்டு) சேர்ந்து வரும். முதலில் புது ஈயம் நிறையச் சேர்த்து இரண்டு காலும் ஒன்றாக உருகியபின் தூக்குங்கள். கழுவிக் காயவைத்து, தடம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்துவிட்டுப் புதிது வையுங்கள்.

மக்கின்டோஷில் வரும் சோனி டிரைவில் டிஸ்கை வெளியே தள்ளும் குட்டிப் பல்சக்கரம் உடைவது எல்லோருக்கும் தெரியும். மோட்டார் உறுமும், டிஸ்க் வராது. ஏன் உடைகிறது என்பதை விட்டுவிடுகிறார்கள். தகட்டுச் சறுக்கில் இருக்கும் கிரீஸ் மெழுகாக இறுகி, அந்த மொத்தப் பாரமும் ஏற்கெனவே நொறுங்கும் நிலையில் இருக்கும் பல்லின்மேல் விழுகிறது. சறுக்கைப் பிரித்துப் பழைய கிரீஸை முழுக்க எடுத்து, உராயும் இடங்களில் மட்டும் லித்தியம் கிரீஸ் பூசி, விரலால் தள்ளினால் வழுக்கிப்போய்ச் சட்டென்று உட்காரவேண்டும். அதற்குப் பிறகே புதுச் சக்கரம். இல்லாவிட்டால் அதுவும் உடையும். இழை உருக்கி அச்சடிக்கும் சாதாரண பிரிண்டரில் அவ்வளவு சிறிய பல் கூர்மையாக வராது, நைலான் தூளில் அச்சடித்தது நிற்கிறது.

* * *

சிப் விஷயம். ஆப்பிள் டிஸ்க் II கேபிளின் 20 முனை கனெக்டரை ஒரு முனை தள்ளிச் சொருகிவிட்டால் டிரைவ் போர்டில் உள்ள 74எல்எஸ்125 போய்விடும். சுலபமாகக் கிடைக்கும் சிப். சாக்கெட் வைத்தே மாற்றுங்கள். சோதனைக்கு வேண்டாத டிஸ்க்தான் போடவேண்டும், கெட்ட சிப் எழுதும் வரியைத் திறந்துவைத்திருக்கலாம்.

பல டிரைவ்களில் படிக்கும் சிக்னலைப் பெருக்கும் எம்சி3470 உற்பத்தியில் இல்லை. 18 கால், 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் இரண்டுமே அதற்கு வேண்டும். 12 வோல்ட் வராத போர்டில் இந்தச் சிப்பைக் குறைசொல்லி மாற்றுவது வீண். பெயர் மாற்றி அச்சடித்த போலிகளும் சுற்றுகின்றன, ஹெட் உடைந்த 1980களின் டிரைவ் போர்டிலிருந்து கழற்றுவதுதான் நம்பிக்கை. 1541க்கு அந்தக் கவலை இல்லை, அதில் என்இ592, எல்எம்311 இரண்டும்தான்.

* * *

எல்லாம் சரியானபின் போடும் டிஸ்கையும் பாருங்கள். ஹெட் தெரியும் வாசலில் டிஸ்கைக் கையால் சுற்றினால் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை தெரியும், அல்லது பளபளவென்று ஒரு வட்டக்கோடு தெரியும். கோடு இருந்தால் பூச்சு உரிந்துவிட்டது, அதைப் போடவே வேண்டாம். ஓடும்போது கீச்சென்று சத்தம் வந்தால் அந்த நொடியே நிறுத்தி ஹெட்டைத் துடையுங்கள். பழைய டிஸ்க்குகளைப் படிக்கும் நாளில் இரண்டு மூன்று டிஸ்க்குக்கு ஒருமுறை துடைப்பது அதிகமே இல்லை.

1.2 மெகாபைட் டிரைவில் எழுதிய 360 கிலோபைட் டிஸ்க் பழைய டிரைவில் படிக்காவிட்டால் பழைய டிரைவைத் திறக்காதீர்கள். 1.2 டிரைவ் போடும் டிராக் பாதி அகலம்தான், அதன் ஓரத்தில் மிச்சமிருக்கும் பழைய பதிவையும் அகலமான ஹெட் சேர்த்துப் படிக்கிறது. காந்த அழிப்பானால் டிஸ்கை முழுக்க அழித்து, 1.2 டிரைவிலேயே ஃபார்மட் செய்து எழுதினால் பெரும்பாலும் படிக்கும்.