பேட்டரி ஆய்வில் போஸ்ட்டாக்: மெயிலுக்குப் பதிலே வருவதில்லை

சோடியம்செல்:
கோவையில் பிஎச்டி. சோடியம் அயனி பேட்டரிக்கான ஹார்டு கார்பன் ஆனோடு, அதாவது கார்பனால் ஆன எதிர்மின்முனைதான் என் வேலை. தீசிஸ் கொடுத்தாயிற்று, வைவா (வாய்மொழித் தேர்வு) இன்னும் நடக்கவில்லை. போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) கேட்டு ஜெர்மனி, ஜப்பான் என்று பேராசிரியர்களுக்கு மெயில் போட்டபடி இருக்கிறேன். ஒருவர் மட்டும் "இப்போது நிதி இல்லை" என்று எழுதினார். என் கைடோ "முதலில் டிகிரி வரட்டும்" என்கிறார். அதுவரை சும்மா இருக்க வேண்டுமா? அனுபவமுள்ள அண்ணன், அக்காக்கள் சொல்லுங்கள்.

ரைன்கரை:
தம்பி, நான் ஜெர்மனியில் இதே துறையில் போஸ்ட்டாக். எங்கள் பேராசிரியர் காபி குடித்துக்கொண்டே ஃபோனில் மெயில் பார்ப்பார். "ரெஸ்பெக்டட் சார், உங்கள் மேலான ஆய்வகத்தில் சேர ஆவல்" என்று ஆரம்பித்தால் கட்டைவிரல் நிற்காது, தள்ளிவிடும். ஒருமுறை நின்றது. அந்தப் பெண் எழுதியது மொத்தம் ஐந்தாறு வரி. முதல் சார்ஜிலேயே ஹார்டு கார்பன் கொஞ்சம் சோடியத்தை விழுங்கிவிடுகிறதே, உங்கள் எலக்ட்ரோலைட்டை (பேட்டரிக்குள் அயனிகள் நகரும் கரைசல்) என் கார்பனில் போட்டால் அது குறையுமா என்று கேட்டு, தன்னுடைய ஒரே ஒரு கிராஃபை இணைத்திருந்தார். அன்றே பதில் போனது.

"நிதி இல்லை" என்று ஒருவர் எழுதினாரே, அதை விடாதீர்கள். அவரிடம் பணம்தான் இல்லை, நீங்கள் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. "ஹம்போல்ட்டுக்கு விண்ணப்பிக்கிறேன், ஹோஸ்ட்டாக இருப்பீர்களா?" என்று திருப்பிக் கேளுங்கள். ஹம்போல்ட் என்பது ஜெர்மன் அறக்கட்டளை தரும் ஃபெல்லோஷிப்; ஹோஸ்ட் என்றால் தன் ஆய்வகத்தில் உங்களுக்கு இடம் தருபவர். பிஎச்டி முடித்து 4 ஆண்டுகளுக்குள் இருப்பவர்களுக்கு அது 6 முதல் 24 மாதம் வரை கிடைக்கும். வருடம் முழுக்க விண்ணப்பம் வாங்குகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெல்லோஷிப்புக்கு வழக்கமாகச் செப்டம்பரில் கடைசி நாள். அதற்குள் வைவா முடிந்தால் போதும், பட்டமளிப்பு விழாவுக்குக் காத்திருக்க வேண்டாம். ஜப்பானின் ஜேஎஸ்பிஎஸ் (அறிவியல் வளர்ச்சிக் கழகம்) தரும் ஃபெல்லோஷிப் வேறு மாதிரி: பொதுவாக அங்குள்ள பேராசிரியர்தான் உங்களுக்காக விண்ணப்பிப்பார். எனவே ஜப்பானுக்கு எழுதும்போது கெடு தேதிக்குப் பல மாதம் முன்பே எழுதுங்கள்.

விளம்பரம் வந்த வேலைகளுக்கு யூராக்சஸ் என்ற ஐரோப்பிய ஆய்வு வேலைத் தளத்தைப் பாருங்கள். ஜெர்மனியின் ஊல்ம் நகரில் உள்ள ஹெல்ம்ஹோல்ட்ஸ் நிறுவனம் மின்வேதியியல் சேமிப்புக்கென்றே 2011இல் தொடங்கியது, அதன் பக்கத்தையும் பாருங்கள். அப்புறம், சம்பளம் டிவி-எல் இ13 (ஜெர்மன் மாநில அரசு ஊதிய விகிதம்) ஒப்பந்தமா, வெறும் உதவித்தொகையா என்று கேட்டுவிடுங்கள். ஒப்பந்தம் என்றால் மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் அதிலேயே வந்துவிடும். உதவித்தொகையில் பெரும்பாலும் நம் தலையில்தான்.

அடையாறுக்காரி:
வெளிநாடு மட்டும்தானா? இந்திய அரசின் ஆய்வு நிதி அமைப்பான ஏஎன்ஆர்எஃப் தரும் என்-பிடிஎஃப் (தேசிய போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்) 2 வருடம். தீசிஸ் சமர்ப்பித்தவர்களும் விண்ணப்பிக்கலாம், பட்டம் வரும்வரை தொகை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வயது வரம்பு 35. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் தளர்வு உண்டு. கைடு சொல்வதற்காகக் காத்திருக்காதீர்கள்.

சோடியம்செல்:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. அந்த "நிதி இல்லை" பேராசிரியருக்கு இன்றே எழுதுகிறேன். ஒரே பல்கலையில் இரண்டு பேருக்கு மெயில் போடலாமா?

ரைன்கரை:
ஒரே நேரத்தில் வேண்டாம், மதியச் சாப்பாட்டில் பேசிக்கொள்வார்கள். இரண்டு வாரம் பாருங்கள், ஒரு நினைவூட்டல் போடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள்.