கூட்ட நாள், சந்தா: துணைவிதித் திருத்தம் குறித்து உதவி தேவை

லண்டனில், இங்கிலாந்து ஐக்கிய கிராண்ட் லாட்ஜ் என்ற தலைமை அமைப்பின் கீழ் இயங்கும் ஒரு ஃப்ரீமேசன் லாட்ஜுக்கு, அதாவது ஃப்ரீமேசன் சகோதரத்துவச் சங்கத்தின் ஒரு கிளைக்கு, நான் செயலாளர். ஆண்டுக்கு ஐந்தாக இருக்கும் வழக்கமான கூட்டங்களில் ஜனவரிக் கூட்டத்தை நீக்கவும், அக்டோபரில் தொடங்கும் ஆண்டுச் சந்தாவை உயர்த்தவும் உறுப்பினர்கள் விரும்புகிறார்கள். குளிர்கால இரவில் முதியவர்கள் வருவதில்லை. மண்டப வாடகையோ எத்தனை பேர் வந்தாலும் ஒன்றுதான். இரண்டு முழு ஆண்டுகள் சந்தா கட்டாதவரின் உறுப்புரிமை தானாகவே முடிந்துவிடும் என்பதால், ஏற்கெனவே நிலுவை வைத்திருப்பவர்களை இந்த உயர்வு எங்கே கொண்டுபோய் நிறுத்துமோ என்ற கவலையும் உண்டு.

கிராண்ட் லாட்ஜின் அரசியலமைப்பு நூலைப் படித்தேன். லாட்ஜுக்குத் தலைமை வகித்த முன்னாள் மாஸ்டர்களைக் கேட்டால் ஆளுக்கொரு வழக்கத்தைச் சொல்கிறார்கள். மேலிடத்துக்கு எழுதியதற்கு, விதிப்படி செய்யுங்கள் என்று ஒரு வரிப் பதில் வந்தது. எங்கள் லாட்ஜின் சொந்த விதிகளான துணைவிதிகளின் புத்தகத்தில் சந்தாத் தொகை பேனாவால் அடித்து அடித்து எழுதப்பட்டு, கடைசித் தொகை ஓரத்தில் நெருக்கிக் கிடக்கிறது. அவற்றுள் எதற்கு முறையான ஒப்புதல் கிடைத்தது என்பது பழைய நடவடிக்கைக் குறிப்புகளில் இல்லை. முன்னுதாரணமாகக் காட்ட அது உதவாது. அடுத்த கூட்டத்துக்கான அழைப்பு இம்மாத இறுதிக்குள் அச்சுக்குப் போக வேண்டும்.

கூட்ட நாள் மாற்றத்தையும் சந்தா உயர்வையும் ஒரே தீர்மான முன்னறிவிப்பில் சேர்த்து ஒப்புதலுக்கு அனுப்பலாமா, அல்லது தனித்தனித் தீர்மானங்களாகவே கொண்டுவர வேண்டுமா?