தென்னங்குழி எடுக்க எந்த மினி டிராக்டர், எந்தக் கருவி?

வணக்கம். பொள்ளாச்சி பக்கம் 3 ஏக்கர் தோப்பு. பட்டுப்போன மரங்களை எடுத்துவிட்டு 60 தென்னங்கன்று வைக்கப் போகிறேன், ஊடே வாழை. குழி எடுக்க ஆள் கிடைப்பதே இல்லை.

மஹிந்திரா ஜீவோ 245, குபோட்டா நியோஸ்டார் பி2441 இரண்டையும் பார்த்தேன். இரண்டுமே 24 ஹெச்பி. மரங்களுக்கு நடுவே சுலபமாகத் திரும்புவது எது?

பெரிய குழப்பம் கருவியில்தான். பி.டி.ஓ.வில் (டிராக்டரின் பின்பக்கச் சுழல்தண்டு) ஓடும் ஆகர் (திருகுபோல் சுழன்று குழி துளைக்கும் கருவி) வாழைக்குச் சரி. தென்னைக்கு நீளம், அகலம், ஆழம் மூன்றும் 3 அடி வேண்டுமே! 24 அங்குல ஆகர் போட்டாலும் மீதியைக் கடப்பாரையால்தான் எடுக்க வேண்டும். அப்புறம், எங்கள் மண்ணில் 2 அடிக்குக் கீழே சுக்கான் பாறை (இறுகிய சுண்ணாம்புப் படிவு). ஆகர் அதில் இறங்குமா, ஷியர் போல்ட் (பளு மிஞ்சினால் தானே உடைந்து கருவியைக் காக்கும் போல்ட்) உடைந்துகொண்டே இருக்குமா? பின்னால் மாட்டும் சிறிய பேக்ஹோவை (மண் தோண்டி அள்ளும் கை) இந்த வண்டிகள் தாங்குமா? சொந்தமாக ஓட்டிப் பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.