படிக்க முடியாத எழுத்துகள்: ஒரு குழுக் கண்காட்சி குறித்து

கேள்வி: சென்னை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமியில் சமகால ஓவியர்களின் குழுக் கண்காட்சியைப் பார்த்தேன். கறுப்பு மையால் வரைந்த ஒரு தாளை நெருங்கியபோதுதான் கோடுகளுக்கிடையே எழுத்துகளைப் போன்ற கீறல்கள் தெரிந்தன; ஆனால் ஒன்றையும் படிக்க இயலவில்லை. அதை எவ்வாறு அணுகுவது?

மறுமொழி: படிக்க முயல வேண்டாம் ஐயா. ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் 1960களில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில், ஜாதகக் கட்டங்களையும் பொருள் தராத எழுத்துருக்களையும் வெறும் வடிவங்களாகவே கையாண்டார். தாங்கள் கண்டதும் அந்த மரபின் தொடர்ச்சியாகவே எனக்குத் தோன்றுகிறது.

மற்றொரு மறுமொழி: பணிக்கர் முன்னின்று 1966இல் உருவாக்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமம் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. கைவினைப் பொருள்களை விற்றுச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கினார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் நெகிழ்கிறது. அங்குள்ள அருங்காட்சியகத்தைக் கண்டபின் அதே தாளின் முன் மீண்டும் நில்லுங்கள்.

கேட்டவர்: நன்றி. ஞாயிறன்று செல்கிறேன்.