தெருப் பெயரை மட்டும் கூகுள் மேப்பில் பார்த்து ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்க்கலாமா?

தெருக்கோடி:
ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் (ஓஎஸ்எம், யாரும் திருத்தக்கூடிய திறந்த வரைபடம்) எங்கள் பேரூராட்சியின் நாற்பது தெருக்களுக்கு மேல் பெயரில்லாமல் கிடக்கின்றன. கோடுகள் பிங் சாட்டிலைட் படத்தின் மேல் வரைந்தவை. பெயரை மட்டும் கூகுளில் பார்த்து எழுதினால் தப்பா? கடைக்காரர்களிடம் வாட்ஸ்அப்பில் லொகேஷன் வாங்கிக் கடைகளைச் சேர்க்கலாமா?

ஒத்தையடி:
பெயர் மட்டும் என்றாலும் கூடாது. பிங் படத்தின் மேல் வரைய மைக்ரோசாஃப்ட் அனுமதி தந்திருக்கிறது, கூகுள் தரவில்லை. ஓஎஸ்எம் தரவு ஓடிபிஎல் என்ற திறந்த தரவு உரிமத்தில் வருவது, யாரும் எடுத்து வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். அடுத்தவர் தரவை அதற்குள் கொண்டுவந்து போட நமக்கு உரிமையில்லை. ஸ்ட்ரீட் வியூவில் தெரியும் பலகையைப் படித்து எழுதுவதும் இதே கணக்குதான்.

நேரில் போய்ப் பலகையைப் படம் எடுங்கள், போன் கேமராவில் லொகேஷனை ஆன் செய்துவிட்டு. ஸ்ட்ரீட்கம்ப்ளீட் ஆப் வைத்திருந்தால் பெயரில்லாத தெருவை அதுவே காட்டிக் கேட்கும். ஐடி எடிட்டரில் (ஓஎஸ்எம் தளத்திலேயே உள்ள திருத்தும் கருவி) சேமிக்கும்போது சோர்ஸ் பெட்டியில் ‘சர்வே’ என்று போடுங்கள். பலகையே இல்லாத தெருவுக்கு அங்கே குடியிருப்பவர் சொல்லும் பெயர் போதும்.

பேரூராட்சியின் தெருப் பட்டியல் கையில் கிடைத்தாலும் அப்படியே ஏற்றாதீர்கள். ஓஎஸ்எம்மில் ஓடிபிஎல் உரிமத்தில் பயன்படுத்தலாம் என்று எழுத்தில் அனுமதி வேண்டும். மூலத்தைச் சொல்லி யாரும் பயன்படுத்தலாம் என்கிற சிசி பை 4.0 உரிமத் தரவுக்கே தனியாக ஒப்புதல் கேட்கிறார்கள்.

நுங்குவண்டி:
வாட்ஸ்அப் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. கடைக்காரர் கடையில் நின்றபடி ‘தற்போதைய இடம்’ அனுப்பினால் அது ஜிபிஎஸ் அளவு, பிரச்சினையில்லை. கீழே வரும் பட்டியலிலிருந்து கடைப் பெயரைத் தொட்டு அனுப்பினால் அது வேறொரு நிறுவனத்தின் தரவு. கடையின் வெப்சைட்டில் ஒட்டியிருக்கும் கூகுள் பின்னும் அப்படித்தான். கடை திறக்கும் நேரம், போன் நம்பர் போன்றவற்றைக் கடையின் வெப்சைட்டிலிருந்து எடுக்கலாம். விக்கிப்பீடியா ஆயத்தொலைவுகளையும் நம்பாதீர்கள், பல கூகுளில் கிளிக் செய்து எடுத்தவை.

பிங் படம் சில மீட்டர் நகர்ந்திருக்கலாம். அதைக் கூகுள் படத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்தால் அதுவும் நகல்தான். ஆஸ்மாண்ட் ஆப்பில் ஜிபிஎக்ஸ் (போன வழியின் ஜிபிஎஸ் தடம்) பதிவுசெய்து அதே தெருவில் இரண்டு மூன்று முறை போய்வாருங்கள். ஒரே தடத்தை நம்பினால் மாடி வீடுகளுக்கு நடுவே 10 மீட்டர்கூடத் தப்பும். ஜிபிஎக்ஸ் கோப்பை ஐடி எடிட்டர் மேல் இழுத்துப் போட்டு, ‘பி’ (B) விசையைத் தட்டி, பின்னணிப் படத்தைத் தடங்களின் நடுவுக்கு நகர்த்துங்கள்.

தெருக்கோடி:
கூகுள் பார்த்து ஏற்கெனவே 12 பெயர் ஏற்றியாயிற்று. அழித்தால் போதுமா?

ஒத்தையடி:
போதாது. அழித்தாலும் பழைய பதிப்பு வரலாற்றில் நிற்கும், யாரும் எடுத்துப் பார்க்கலாம். முதலில் பெயர்களை நீக்குங்கள். சேஞ்ச்செட் (ஒருமுறை சேமிக்கும் திருத்தங்களின் தொகுப்பு) கருத்தில் காரணத்தை மறைக்காமல் எழுதுங்கள். பிறகு சேஞ்ச்செட் எண்களைத் ஓஎஸ்எம்மின் தரவுப் பணிக்குழுவுக்கு (டிடபிள்யூஜி) மெயில் செய்யுங்கள். பழைய பதிப்பை மறைப்பது அவர்களால்தான் முடியும். 2012இல் உரிமம் மாறியபோது ஒப்புக்கொள்ளாதவர்களின் தரவை இப்படித்தான் மறைத்தார்கள்.

நீக்கிய கையோடு அதே 12 பெயரை ஞாபகத்திலிருந்து திரும்ப ஏற்றிவிடாதீர்கள். பலகையைப் பார்த்த பிறகு ஏற்றுங்கள்.